கோவளத்து ஆட்டம்

தங்க வயலுக்கு மின்சார விளக்கு வந்த புதிது. ஊரே அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் அம்மா மட்டும் கடல் பார்க்கவேண்டும் என்று அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, சென்னப்பட்டணத்துக்குத் தெற்கே கோவளத்தில் ஒரு பங்களாவில் சமையல்காரர். வெயில் காலத்தில் துரைமார் வந்து காற்று வாங்கும் பங்களா அது. தை மாதம் காலியாகத்தான் கிடக்கும், வாருங்கள் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பினார். அப்பா லேசில் அசைகிற ஆள் இல்லை. அம்மா விடுகிற ஆளும் இல்லை.

ரயிலிலும் பிறகு கால்வாய்ப் படகிலுமாகப் போனோம். படகில் அம்மா எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள். கோவளத்து உப்பளத்தில் அப்பாவுக்கு வேலைக்கு மாமா சொல்லிவைத்திருக்கிறார். அப்பாவுக்கு ஊர் பிடித்துவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம். இனி அவர் தங்கம் வெட்டக் கேஜில், அந்தச் சுரங்கக் கூண்டில், ஏறிப் பாதாளத்துக்கு இறங்க வேண்டாம். நாங்கள் அடம் பிடித்துக் காரியத்தைக் கெடுக்கக்கூடாது. கடலைப் பார்த்ததுமே எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

அம்மா ஜவுளிக்கடைக்காரர் புடவை விரிப்பதுபோல அப்பாவுக்கு ஊரை விரித்துக் காட்டினாள். சவுக்குத் தோப்பு, வளைக்குள் ஓடும் நண்டு, மணலைத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீர். எல்லாவற்றுக்கும் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் மார்பளவு தண்ணீரில் நின்று அலை வாங்கியபோது சிரித்தார் பாருங்கள், அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. கடைசியாக முகத்துவாரத்துக்குப் போனோம். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இருந்துடலாமா?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

திரும்பும் வழி உப்பளத்தின் ஓரமாக வந்தது. சாவடியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் எழுந்து வந்தார். மாமாவிடம் வெற்றிலை கேட்கத்தான் வந்தார். அதற்குள் அப்பா காலை அகட்டி நின்று, குடுமியை அவிழ்த்து உதறி, இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாவுக்கு இவ்வளவு விளையாட்டுத் தெரியுமா! நாங்களும் வரிசையாக நின்று கையைத் தூக்கி நாக்கை நீட்டினோம். காவல்காரரும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா குடுமியை முடிந்துகொண்டே மாமாவைக் கேட்டார். "இங்க வேல செஞ்சாலும், அங்க மாதிரியே வூட்டுக்குப் போகசொல்ல தடவிப் பாப்பாங்களா?"

"உப்பு சர்க்காரோடது மச்சான். எல்லாரையுந்தான் பாப்பாங்க."

அன்று மாலையே அப்பா, விடிந்ததும் கிளம்பலாம் என்றுவிட்டார். அம்மா அழுதாள், கெஞ்சினாள். வெளிச்சத்தைச் சொன்னாள், காற்றைச் சொன்னாள், உயிரோடு மேலே வருவாரோ மாட்டாரோ என்று ஷிப்ட் முடியும் சங்குச் சத்தத்துக்குக் காத்துக்கிடக்கும் தன் வயிற்றெரிச்சலைச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் சொன்னார்:

"அங்கன்னா புள்ளைங்களுக்குத் தெரியாது."

எங்களுக்கு என்ன தெரியாது என்று எனக்கு விளங்கவில்லை. படகில் கடல் மறைகிறவரை அழுதுகொண்டே வந்தேன்.

ஊருக்கு வந்தும் கடல் ஏக்கம் தீரவில்லை. கோவளத்திலிருந்து எங்களிடம் மிஞ்சியது அந்த ஆட்டம்தான். சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் நான் வாசலில் மறித்துக்கொள்வேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, குடுமியை அவிழ்த்து, கையைத் தூக்கி வாயைத் திறப்பார். ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை. நான் அக்குளில் தடவி, நாக்குக்கு அடியில் எட்டிப் பார்த்து, "சரி, போலாம்" என்பேன். அம்மா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நல்ல ஆட்டத்தைக் கூட இருந்து பார்க்கத் தெரியவில்லையே இவளுக்கு என்று அம்மாமேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.