அரை நிமிடம் பதில் இல்லை

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் விசாரணை என்றால் வாக்குமூலம் எழுதுவது அட்சரம் அக்காதான். அட்சரம் பிசகாமல் எழுதுவதால் நாங்கள் வைத்த பெயர். ‘ம்’ என்றால் ‘ம்’, இருமினால் ‘இருமினார்’. எல்லாம் முடிந்ததும் உரக்க வாசித்துக் காட்டுவார். சொன்னவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

“பதினெட்டு வருஷத்துல எத்தனை பொய் எழுதியிருப்பீங்க?” என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

“பொய் கம்மிதான்பா. தெரிஞ்சே மாத்திச் சொல்ல ஒரு துணிச்சல் வேணும். புளுகுறவன் ரசிச்சு ரசிச்சுப் பேசுவான், அவனால ஆபத்தில்ல. சாக்கு சொல்றவன் சொல்ற காரணம் நிஜமாவே இருக்கும், ஆனா நடந்ததுக்கு அது காரணமா இருக்காது. இந்த மழுப்பறவன் இருக்கானே, அவன்தான் கெட்டிக்காரன். கேள்வியைச் சுத்திச் சுத்தி வருவான், உள்ள மட்டும் வரமாட்டான்.”

அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். போன மாதம் சிரிப்பு வரவில்லை. அட்டை வெட்டும் மெஷினில் தடுப்புத் தகடு இல்லாததால் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. என்னோடு நின்று அட்டை எடுத்துத் தருகிறவர், எல்லோருக்கும் சித்தி. தகட்டைக் கழற்றியது என் கை, கழற்றச் சொன்னது சூப்பர்வைசர். நானாகவே கழற்றினேன் என்று முடிவானால் என் வேலை காலி. இதில் கொடுமை என்னவென்றால், அந்த சூப்பர்வைசர் அட்சரம் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

விசாரணை அறையில் சித்தி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் என்னைக் கேட்டு முடித்தார்கள். அடுத்து சூப்பர்வைசர்.

“தகட்டைக் கழட்டச் சொன்னது யாரு?” என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் கழுத்தைத் துடைத்தார். “அன்னைக்கு ஆர்டர் நெருக்கடி சார். எல்லாருமே டென்ஷன்ல இருந்தோம்.”

“சரி, தெரியாதுன்னு எழுதிக்கோங்கம்மா.”

“சொன்னதைத்தான் சார் எழுத முடியும்,” என்ற அக்கா, எழுதியதை வாசித்தார். “கேள்வி, தகட்டைக் கழற்றச் சொன்னது யார். அரை நிமிடம் பதில் இல்லை. கழுத்தைத் துடைத்தார். பதில், அன்னைக்கு ஆர்டர் நெருக்கடி சார்.” தாளைத் தம்பி முன்னால் நகர்த்தினார். “கையெழுத்துப் போடு.”

“அக்கா, இதையெல்லாமா எழுதுவ?”

“நீ பண்ணதுதானேடா? இதுல உன் பதில் எங்க இருக்கு? காட்டு, அடிக்கோடு போடறேன்.” அக்கா பேனாவோடு தம்பியையே பார்த்தார்.

சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார். சித்தியின் கையைப் பார்த்தார். “நான்தான் சார் சொன்னேன். தகடு இருந்தா வேலை ஓடல.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

“இருப்பா, உன்னோடதை இன்னும் வாசிக்கல,” என்றார் அக்கா. “கேள்வி, வேண்டாம் என்று சொன்னீர்களா. பதில், மேல இருக்கறவங்க சொன்னா யாரு சார் தட்ட முடியும்.”

அக்கா சொன்ன கெட்டிக்காரன் நானேதான்! சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேனாவோடு காத்திருந்தார். என் மௌனத்தையும் எழுதிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

“சொல்லல சார்,” என்றேன். “சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னு நானும் சந்தோஷமாத்தான் கழட்டினேன். சித்தி, ‘பயமா இருக்கு, வேண்டாம்’னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்.”

அக்கா எழுதினார், வாசித்தார். கையெழுத்துப் போட்டேன்.

வேலை தப்பியது. எனக்கும் சூப்பர்வைசருக்கும் மூன்று மாத சஸ்பென்ஷன். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போதெல்லாம், மெஷின் ரிப்பேர் என்று வாய்வரை வருகிறது. விழுங்கிவிட்டு, சித்தியின் விரல்களைப் பற்றிச் சொல்கிறேன்.