சந்தனம் வைத்த ஸ்க்ரீன்

மடக்குகிற ஸ்க்ரீனுக்குச் சந்தனம் வைக்கலாமா, கூடாதா?

போன வாரம் ஆயுத பூஜையன்று இந்த ஒரே கேள்வியால் எனக்கு ஒரு கிலோ எடை குறைந்தது. (இன்னும் பன்னிரண்டு குறைய வேண்டும். அது வேறு கதை.)

என் மனைவியின் தம்பி சரவணன் கப்பலூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெட்டிக்குள் சாமான் ஆடாமல் இருக்க ஃபோம் தட்டு வெட்டிக் கொடுக்கிற தொழில். இத்தனை நாளும் மிக்ஸிக்கும் குக்கருக்கும் வெட்டிக்கொண்டிருந்தவன், இந்த வருஷம் திடீரென்று மடக்கு போனில் இறங்கிவிட்டான்.

"இனிமே எல்லாமே மடக்குறதுதான் மாமா. போன மடக்குறான், டிவியப் பாயி மாதிரி சுருட்டுறான். மார்க்கெட்டு எம்புட்டு வேகமா போகுதுன்னு தெரியுமா? அம்புட்டுக்கும் பெட்டி வேணும். பெட்டிக்குள்ள நம்ம தட்டு வேணும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. விறைப்பாக இருக்கிற ஸ்க்ரீனையே மூன்று மாதத்தில் சிலந்தி வலை ஆக்குகிற ஆட்கள் நாம். அதை மடக்கித் தரச் சொல்லி யார் அழுதது? நாளைக்கு ஃப்ரிட்ஜையும் மடக்குவார்களா?

ஆனால் வாயைத் திறக்கவில்லை. பூஜைக்கு மறுநாள் காலை ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் சாம்பிள் பார்க்க வருகிறார். ஆர்டர் கிடைத்தால், வாரத்தில் மூன்று நாள் சும்மா நிற்கிற மெஷின் ஆறு நாளும் ஓடும். கிடைக்காவிட்டால், வேலை பார்க்கிற நான்கு பெண்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியதுதான். அதற்காகவே சரவணன் ஒரு மடக்கு போனை வாங்கி, அதற்கு அளவெடுத்துத் தட்டும் வெட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தான்.

வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதையில் சந்தனக் கிண்ணம் என் கையில். விடுவேனா? மெஷின், கத்தி, தராசு, சிசிடிவி, டேபிள் ஃபேன், தண்ணீர் கேன்... அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு. போனுக்கும் வெளியே ஒன்று வைத்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மூளை வேலை செய்தது. உள்ளே அவ்வளவு பெரிய ஸ்க்ரீன் இருக்கும்போது வெளியே மட்டும் பொட்டு வைத்தால் அது அரைப் பூஜை அல்லவா?

தட்டிலிருந்து எடுத்தேன். விரித்தேன். மூன்று பட்டை விபூதி, நட்ட நடுவில் சந்தனம், மேலே குங்குமம். இடது கையில் பொரிகடலை — பூஜைக்கு முன்பே ரகசியமாக அள்ளிய ஒரு பிடி. அதே கையால் மடக்கி மூடினேன்.

'நறுக்' என்றது.

ஆகா, என்ன கச்சிதமான லாக்! பாராட்டிவிட்டு நகர்ந்தேன்.

சூடம் காட்டி முடிந்ததும், பொழுது போகாமல் போன் பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்தேன். நகம் படக் கூடாது. ஈரம் கூடாது. தூசி கூடாது. மடிப்பில் துகள் எதுவும் கூடாது. அழுத்தவே கூடாது. என் டாக்டர்கூட எனக்கு இத்தனை 'கூடாது' சொன்னதில்லை.

"மாப்ள... அந்தப் போன ஒரு நிமிஷம் எடுத்துப் பாக்கவா?"

அவன் பதில் சொல்லும் முன் என் மனைவி பாய்ந்தாள். "பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

நேராகக் கோரிப்பாளையம் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த மொபைல் கடை பாய் ஒருவர் இருக்கிறார்.

"பாய், என் பிரெண்டு ஒருத்தன் மடக்கு போனுக்கு உள்ள சந்தனம் வச்சிட்டான்."

பாய் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அந்த பிரெண்டு நெத்தியிலயும் இதே சந்தனம்தானா அண்ணே?"

"...ஆமா."

"யா அல்லா! மூடும்போது சத்தம் வந்துச்சா?"

"நறுக்குன்னு."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உள்ள இருக்கது வெங்காயத் தோலு மாதிரிண்ணே. ஒரு அரிசி சிக்குனாப் போதும். துஆ செய்யிறேன். நீங்க உங்க சாமியையும் கும்பிட்டுக்கங்க."

மறுநாள் காலை சரவணன் போனை விரித்தான். காய்ந்த சந்தனத்தோடு அரைப் பொட்டுக்கடலை ஒன்று மேஜையில் உருண்டது. இடது பாதி கன்னங்கரேல். வலது பாதியில், வால்பேப்பராக வைத்திருந்த அவன் மகள் பாதிச் சிரிப்போடு.

"பூசைக்கு முன்னாடியே கடலையத் தின்னது யாரு?" என்றாள் என் மனைவி. அவளுக்கு அதுதான் பெரிய குற்றம்.

ஒப்புக்கொண்டேன். சரவணன் திட்டியிருந்தால் தேவலை. "சரி விடுங்க மாமா" என்று மட்டும் சொன்னான். நான்கு பெண்களும் என்னைப் பார்க்காமல் கடலையைப் பார்த்தார்கள்.

வாசலில் கார் சத்தம்.

மேனேஜர் போனை விரித்தார். புருவம் மேலே போனது. "என்னங்க இது? உங்க தட்டுல வச்சே உடைஞ்சிருச்சா?"

மெஷினுக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். என் வயிறு போகாது. வேறு வழியில்லாமல் முன்னால் வந்தேன். "சார், தட்டுல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய எடுத்துச் சந்தனம் வச்சது நான்."

சரவணன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். "ஆமா சார். எதுல இருந்தும் எங்க தட்டு காப்பாத்திரும். எங்க மாமாகிட்ட இருந்துதான் முடியல."

மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு போனைத் தட்டில் வைத்துப் பெட்டியை மூடி, மேஜை உயரத்திலிருந்து தொப்பென்று போட்டார். ஒன்றல்ல, மூன்று முறை. எடுத்து விரித்தார். பாப்பா அதே பாதிச் சிரிப்போடு இருந்தாள்.

"மிச்சப் பாதி தாங்குதே!" என்றார். முதலில் ஒரு மாதத்துக்கு ட்ரையல் ஆர்டர். நான்கு பெண்களும் இருக்கிறார்கள்.

மடக்கு ஸ்க்ரீன் விற்கிற கம்பெனிகளே, மெஷினில் மாட்டி ஓயாமல் மடக்கி மடக்கிப் பார்த்தோம் என்று பெருமை அடிக்கிறீர்களே... ஒரே ஒரு தடவையாவது சந்தனம் வைத்துப் பார்த்தீர்களா? இந்த ஊரில்தானே விற்கப் போகிறீர்கள்?

சந்தனக் கிண்ணம் என்னிடமிருந்து பறிபோய்விட்டது. அடுத்த வருஷம் எனக்குத் தேங்காய் டியூட்டியாம். உடைக்கிற வேலைதான் மாமாவுக்கு நன்றாக வருகிறதாம்!