மோட்டார் கொட்டகைச் சாவி

செஞ்சி ராஜகிரி மலை தெரிகிற எங்கள் ஊரில் பெரியப்பாவை முதன்முதலாக எதிர்த்து நின்றவன் நான்தான். பொய். நின்றது அம்மா. நான் சவுக்குத் தோப்புக்குள் ஓடினேன். அந்த வருஷம் மழையே இல்லை, ஆனாலும் என் டவுசர் நனைந்திருந்தது.

தாத்தா நிலத்தை என் நைனாவும் அவர் அண்ணனான பெரியப்பாவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு பொது. ஆனால் மோட்டார் கொட்டகையின் சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். இருவரும் போடுவது ஒரே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. எங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நைனாவும் அம்மாவும் முதலில் அவர் நிலத்தில் களை வெட்ட வேண்டும். அதற்குள் எங்கள் நிலத்தில் களை முழங்காலைத் தொட்டுவிடும். அறுவடையில் அவர் வீட்டு மூட்டைகள் கூரையை முட்டும். எங்கள் மூட்டைகள் மேல் நானே ஏறி உட்காரலாம்.

"உங்க நைனா சோம்பேறிடா, அதான்" என்பார் பெரியப்பா. நம்பினேன். நைனா பட்டப்பகலில் வரப்பிலேயே தூங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேனே!

பள்ளிக்கூடத்துக்குப் பதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், மோட்டார் ஓடும் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் கத்துவது. அந்த வருஷம் மல்லாட்டை பூத்த நேரத்தில், அம்மா எங்கள் நிலத்துக் களையை முதலில் வெட்டினாள். பெரியப்பா எங்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார். ஆறாம் நாள் நான், "கரண்ட் வந்துட்டுது!" என்று கத்தியதும் அம்மா போய்க் கொட்டகை வாசலை மறித்து உட்கார்ந்தாள்.

பெரியப்பா ஓடி வந்தார். "இன்னாம்மா இது? எழுந்திரு. கரண்ட் போயிடும்."

"போவட்டும் மாமா. எங்குளுது காஞ்சா உங்குளுதும் காயட்டும்."

"தம்பி பொண்டாட்டியாச்சேன்னு பாக்கறேன்."

"பாத்துக்கினே இருங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நான் ஓடியது. தோப்புக்குள்ளிருந்து பார்த்தேன். வாடத் தொடங்கியிருந்த தன் செடிகளைப் பார்த்தார், கரண்ட் கம்பியைப் பார்த்தார், கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, இன்னொரு சாவி வெட்டித் தர்றேன்."

"இத்தக் குடுங்க மாமா. இன்னொன்ன நீங்க வெட்டிக்குங்க."

சாவி மடியில் விழுந்த பிறகுதான் அம்மா எழுந்தாள். அந்த அறுவடையில் எங்கள் மூட்டையும் கூரையை முட்டியது. பெரியப்பா வீட்டில் ஒரு முழம் இறங்கியிருந்தது. நைனா எப்போது சோம்பேறித்தனத்தை விட்டார் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். அதுவரை இரண்டு நிலத்துக்கும் குனிந்தது அந்த ஒரே முதுகு என்பது உறைக்கவில்லை. சந்தேகத்தைப் பெரியப்பாவிடமே கேட்கப் போனேனா, அவர்—

"யோவ், கரண்ட் வந்துட்டுது! ஒக்காந்து கத பேசிக்கினு இருக்கிற? சாவி இன்னா, உங்க பெரியப்பன்கிட்டயா இருக்குது?"

என் வீட்டுக்காரி. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வருகிறேன்.