ஒன்பது கோடுகள்

உப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எழுபதுகளின் கடைசியில், கொச்சிக் காயல் நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வுப் பிரிவில் நான் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கொச்சங்காடியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலையின் மாடியில் அலுவலகம். நாள் முழுக்கத் தும்மல். பெரிய சார் எறணாகுளத்தில் உட்கார்ந்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து எங்கள் மேஜைத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

தினமும் வள்ளத்தில் போய் ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்து வந்து அளந்தவர் ஒரு பள்ளுருத்திக்காரர். எங்களைப் போலவே கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். எட்டு வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் எங்கள் இருவர் பேரும் நிரந்தரமாக்கும் பட்டியலில் இருந்தன. அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, இது போனால் எங்கே போய் வேலை கேட்பார்? அவர் அளவுகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவார். நான் அவற்றைக் கட்டம் போட்ட தாளில் எடுத்தெழுதி எறணாகுளத்துக்கு அனுப்புவேன். அங்கே அட்டைகளில் துளையிட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள்.

மீன மாதத்தில், அதாவது நம் பங்குனியில், வள்ளம் ஒழுக ஆரம்பித்து, அதைக் கரையேற்றினார்கள். ஒன்பது நாள் தண்ணீர் எடுக்கவில்லை. நோட்டில் ஒன்பது தேதிகளுக்கும் நேராக ஒவ்வொரு கோடு போட்டிருந்தார்.

"முன்னாடி நாளைப் பாத்து ஏதாவது எழுதிடலாமே, சேட்டா. எல்லாரும் செய்யறதுதானே," என்றேன்.

"எடுக்காத வெள்ளத்துக்கு எந்த உப்பு, மோளே? கோடு கோடாவே இருக்கட்டும்."

கம்ப்யூட்டர்காரர்கள் அனுப்பிய குறிப்பில், அளவு இல்லாத நாளுக்கு 99.9 என்று எழுத வேண்டும், கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லை என்று சொல்ல ஓர் எண்ணை எழுதுவதா, அது பொய்யல்லவா என்று பட்டது. அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட நேர்மை. கட்டங்களைக் காலியாகவே விட்டேன். மழைக்காலத்திலும் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் விட்டிருந்தேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கட்டத்தை அந்த யந்திரம் பூஜ்யம் என்று படிக்கும் என்பது எனக்குத் தெரியாது. பெருமழையில் காயலில் உப்பு அநேகமாக இருக்காது. அதனால் என் பூஜ்யங்கள் யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தன.

மீன மாதம் அப்படியில்லை. கடல் உள்ளே ஏறி, காயல் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். அந்த மாதத்துச் சராசரியைப் பெரிய சார் ஒரு கூட்டத்தில் வாசிக்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மறுநாளே அச்சடித்த தாளோடு மாடியேறி வந்தார்.

"ஒன்பது நாள் உப்பே இல்லை. தெருக்குழாயில் புட்டியை நிறைச்சுக் கொண்டுவந்தாயா?"

சேட்டன் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. "மீன மாசத்துல கொச்சங்காடிக் குழாயில வெள்ளமா, சார்? வந்திருந்தா வீட்டுக்கில்ல கொண்டு போயிருப்பேன்." பிறகு நிதானமாக, வள்ளம் கரையில் கிடந்ததையும் தான் கோடு போட்டதையும் சொன்னார்.

"தாளில் கோடு இல்லையே. பூஜ்யம்தானே இருக்கு." சார் என் பக்கம் திரும்பினார். "நோட்டு எங்கே?"

நோட்டு என் மேஜை இழுப்பறையில், சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. எடுத்து நீட்டினால் கோடுகள் தெரியும். அடுத்த கேள்வி என் தாளைப் பற்றி வரும், அதற்கடுத்தது அந்தக் குறிப்பைப் பற்றி. பட்டியலில் என் பேரும் இருந்தது.

"காணலை, சார். தேடணும்," என்றேன்.

சேட்டன் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் விழாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஏறி நின்று, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

திங்கட்கிழமை முதல் சேட்டன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொடுத்துவிடலாம் என்று நினைக்காத நாளில்லை; நினைத்ததோடு சரி. நான் கோழை, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. நான் நிரந்தரமானேன். பின்னால் சேர்ந்தவர்களுக்கு, கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், 99.9 எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஏன் என்று கேட்டால், யந்திரம் அப்படி என்பேன். யந்திரம் மறுத்துப் பேசாது.

ஏழெட்டு வருஷம் கழித்து வைப்பின் படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஐஸ் கம்பெனி ஒன்றில் கட்டி சுமக்கிறாராம். வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த நோட்டு பின்னே கிடைச்சுதா, மோளே?"

அது என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"கிடைக்கலை, சேட்டா."

"சாரமில்ல, போகட்டும்," என்றார். "நீ அன்னைக்கு ஸ்டூல் மேல ஏறி எவ்வளவு தேடினே. நான்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்."