நிர்மால்யம் பூசிய முகம்

ரோஜா இதழ் ஈரத்தோடு அழுகும்போது எழும் நாற்றத்தில் கொஞ்சம் இனிப்பும் கலந்திருக்கும்; அந்த இனிப்புதான் குமட்டும். அதனோடு புளித்த தயிரையும் நனைந்த மண்ணையும் குழைத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டு, பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தில், குளியலறைக் கதவைத் தாழிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பையன் நான்தான் என்பதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அந்த மழைக்காலத்தில் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தவிருந்த நாடகத்தில், வசனம் முழுவதையும் ஒரே வாரத்தில் ஒப்பித்தவன் என்பதால் முருகன் வேஷம் எனக்குக் கிடைத்திருந்தது. கிடைத்த மறுவாரமே முகமெல்லாம் பரு வெடித்தது. நாடகத்தை நடத்திய மூன்றாம் மாடி சுந்தரம் மாமா, ஆபீஸிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து இறங்கிய களைப்போடு என் மோவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “என்னடா இது, முருகனா முள்ளம்பன்றியா? பத்து நாள் தரேன். அதுக்குள்ள அடங்கலேன்னா வேலாயுதத்தைக் கோபு கையில குடுத்துடுவேன்” என்றார். பக்கத்தில் நின்ற என் வயதுக் கோபு தன் வழவழப்பான கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டான்.

வீட்டில் கேட்க வழியில்லை. விபூதியைத் தவிர வேறெதுவும் முகத்தில் ஏறக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். “மூஞ்சிக்குப் பூசறவன் வார்த்தைக்கும் பூசுவான்” என்று அடிக்கடி சொல்வார். அக்கா இரவல் வாங்கி வந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில் முல்தானி மிட்டி என்ற மண், தயிர், பன்னீர் மூன்றையும் குழைத்துப் பூசும் முறை போட்டிருந்தது. மண் குஜராத்திக்காரர் மளிகைக் கடையில் ஒரு ‘புடியா’ பொட்டலம் சில்லறைக் காசுக்கே கிடைத்தது. சட்டியின் ஓரத்தில் காய்ந்திருந்த பழந்தயிரை நகத்தால் சுரண்டிக்கொண்டேன். இரண்டு நாள் தண்ணீரில் குழைத்துப் பூசியும் பரு அசையவில்லை. மாறாகத் தோல் அப்பளம் போல வறண்டது. குறை பன்னீரில்தான் என்று முடிவு செய்தேன். பன்னீர் புட்டி வாங்க என்னிடம் காசில்லை.

சுவாமி படங்களிலிருந்து களைந்த நிர்மால்யப் பூவை எங்கள் வீட்டில் குப்பையில் போடும் வழக்கமில்லை. கால் படாத இடமாகக் கதவுக்குப் பின்னால் ஒரு பையில் சேர்த்துத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பா தாதர் கடற்கரைக்குப் போய்க் கடலில் விட்டு வருவார். மழை விடாததால் இரண்டு ஞாயிறாக அவர் போகவில்லை. பைக்குள் ரோஜாவும் துளசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒன்றாகிக் கூழாய்க் கிடந்தன. அடியில் பழுப்பாய்ச் சாறு தேங்கியிருந்தது. ரோஜாவின் சாறுதானே பன்னீர் என்று எண்ணினேன். சுவாமி மேல் இருந்த பூ கெடுதல் செய்யாது என்றும் நம்பினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கிண்ணத்தில் பிழிந்தேன். விரலோடு ஒரு புழுவும் வந்தது. அதை உதறிவிட்டு, மிச்சத்தைப் பூசினேன். எழுபதைத் தாண்டிய பின் இன்றுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சீழ் கட்டியது. கிண்ணத்தைக் கண்டுபிடித்த அம்மா, “கால் படப்படாதுன்னு தொங்க விட்ட நிர்மால்யத்தையா கன்னத்துல அப்பிண்டே?” என்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால் தேவலை. அப்பா ஜன்னலைச் சாத்தினார். பிறகு, “வெளியில தெரிஞ்சா சிரிப்பா. அம்மை வார்த்திருக்குன்னு சொல்லிடு” என்றார்.

சொன்னதற்கேற்ப எல்லாம் நடந்தது. வாசலில் வேப்பிலை தொங்கியது. முகத்தில் மட்டும் அம்மை வார்ப்பதில்லை என்பதால், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, வெளிச்சம் படாத மூலையில் என்னைக் கிடத்தினார்கள். களிம்பை அப்பா ஊர் தெரியாத தூரத்துக் கடையிலிருந்து வாங்கி வந்தார். வேஷம் கோபுவுக்குப் போயிற்று. ஒத்திகையில் அவன் குரல் மாடியிலிருந்து இறங்கி வந்து என் வசனத்தை என் காதிலேயே சொன்னது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அலமேலு மாமியைத்தான் பொறுக்க முடியவில்லை. அறுபது வயதுக்காரி, நாள்தோறும் எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்று, அழுகல் வடியும் என் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, “தாயே, குழந்தையைப் படுத்தாம இறங்கிடும்மா” என்று வேண்டுவாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். அது அம்மனுக்கு வந்த வெட்கம் என்று மாமி அம்மாவிடம் சொன்னாளாம்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, நேர்ந்துகொண்டபடி மாமி மாவிளக்குத் தட்டோடு, தெருவில் முழங்கால் அளவு நின்ற சாக்கடை கலந்த மழைநீரில் செருப்பில்லாமல் நடந்து கோயிலுக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து, சேறு வழியும் காலோடு, “வாயைத் திற. இனி ஒண்ணும் வராது” என்று ஓர் உருண்டை மாவை ஊட்டினாள். நெய்யும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த அந்த மாவில் எனக்கு அழுகிய ரோஜாதான் மணத்தது. அப்பா கையில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், பக்கம் திருப்பவில்லை. விழுங்கினேன்.

இன்று நான் செம்பூரில் இருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் பேத்தி, ஹார்பர் லைன் ரயிலின் பெண்கள் பெட்டியில் கூவி விற்கிறவளிடம், மூன்று சேர்த்து மலிவாகக் கிடைக்கிற, முகத்தில் ஒட்டிக்கொள்ளும் ‘ஷீட் மாஸ்க்’ வாங்கி வருகிறாள். உரித்த தோல் போலக் கொழகொழவென்று இருக்கும் அதை ஒருமுறை போட்டபின் எறிவதுமில்லை. இன்னொரு நாளைக்கு ஆகும் என்று ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்தின் பக்கத்தில் மடித்துவைக்கிறாள். நேற்றுத் தயிர் எடுக்கப் போன என் விரல் அதில் பட்டது. கையை மூன்று முறை கழுவினேன்.

அதைப் பார்த்துச் சிரித்தவள், “தாத்தா, உங்க கன்னத்துக் குழிக்குக்கூட இதுல ஒண்ணு இருக்கு. அது என்ன, பிம்பிள் மார்க்கா?” என்று கேட்டாள்.

அந்தக் கட்டடம் இடிபட்டு உயரமான கோபுரக் குடியிருப்பு எழும்பிவிட்டது. களைந்த பூவைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுகிற வீடு எனக்குத் தெரிந்து இல்லை. அப்பா, அம்மா, அலமேலு மாமி, யாரும் இல்லை. உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருந்த ஒரே ஆளான மாமியிடம் சொல்லும் காலம் எப்போதோ போய்விட்டது.

“அம்மை வார்த்த தழும்பு” என்றேன்.

“ஓ, சிக்கன்பாக்ஸா” என்று சொல்லிவிட்டு, அந்த ஈரத் துணியை முகத்தில் ஒட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கை கூப்பவில்லை.