ஷிஃப்ட் தூங்கும் தெரு

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளுக்கு நடுவே போனில் பேசியபடி நடக்கிறேன். உச்சிவெயில். வாசலில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும் அம்மாள் கையமர்த்துகிறார்.

"மெதுவா பேசுங்க சார். ஷிஃப்ட்டு தூங்குது."

"சுரங்கத்தைத்தான் எப்பவோ மூடிட்டாங்களே?"

"அதுக்கு இன்னா சார்? பக்கத்து வூட்டுப் பொண்ணு பெங்களூர்ல நைட் ஷிஃப்ட்டு. காலைலதான் ரயில்ல வந்துச்சு. ரெண்டு வூட்டுக்கும் செவுரு ஒண்ணுதான!"

வேலை, நேரம், சேர்ந்து பாதாளத்தில் இறங்கிய கூட்டம் எல்லாமே இங்கே ஷிஃப்ட்தான். அயர்ந்து உறங்கும் ஒரு பெண்ணும் ஷிஃப்ட் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கீரை வண்டி வருகிறது. வண்டிக்காரர் கூவவில்லை, ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறார். பெண்கள் விரலை நீட்டியே பேரம் பேசுகிறார்கள்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.