செல்லக்கனியின் வாரியல் சொன்ன விமர்சனம்

உலகத்துச் சினிமா விமர்சகர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றிவிட்டு, மறுதட்டில் மார்த்தாண்டம் செல்லக்கனி தரை கூட்டும் வாரியலை மட்டும் வையுங்கள். விமர்சகர்கள் அந்தரத்தில் தொங்குவார்கள். வாரியல் தரையைத் தட்டும். பக்கத்து வீட்டுச் சுபிதா இதைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வாள். பிளஸ் டூவில் இரண்டு பாடம் தோற்றவளின் சத்தியத்துக்கு என்ன மதிப்போ, அது வேறு விஷயம்.

செல்லக்கனி முதலில் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கொட்டைத் தோட்டில் கசியும் எண்ணெய் விரல்களைத் தின்ற பிறகு தியேட்டரில் கூட்டிப் பெருக்க வந்தாள். பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. காட்சி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வாரியலோடு கதவோரம் வந்து நிற்பாள். ஆகவே ஆயிரம் படங்களின் முடிவு அவளுக்குத் தெரியும், ஒன்றின் தொடக்கமும் தெரியாது.

படத்தின் தரத்தை அவள் திரையில் பார்ப்பதில்லை, தரையில் பார்ப்பாள். ஆள் படத்தில் மூழ்கினால் பாப்கார்ன் கைதவறிச் சிந்தும். சலித்தால் டப்பாவையே நார்நாராகக் கிழித்துப் போடும். நடுவே கைப்பிடிக்கு அடியில் ஈரம் காயாத சூயிங்கம் இருக்கும், பிள்ளையின் மலத்தோடு சுருட்டிச் செருகிய நாப்கின் இருக்கும். ஒருநாள் வெட்டிப்போட்ட கால்நகம் பத்தும் கிடந்தது. நகவெட்டியோடு சினிமாவுக்கு வருகிறவனைப் பெற்ற தாய் யாரோ.

போன வெள்ளிக்கிழமை துப்பறியும் நிருபர் ஒருவனைப் பற்றிய படம் வந்தது. கொலையும் சிரிப்பும் கலந்த படம். சென்னையில் மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார்கள். சிரிப்புக்காகப் பார்க்கலாம், மர்மம் சப்பை என்றார் ஒரு விமர்சகர். மர்மத்துக்காகப் பார்க்கலாம், சிரிப்புத்தான் வரவில்லை என்றார் இன்னொருவர்.

செல்லக்கனி "அய்யே" என்றாள். அவ்வளவுதான் அவள் விமர்சனம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த நிருபர் குப்பைத்தொட்டிக்குள் கையைவிட்டுத் துப்புத் துலக்குகிறான். பிறகு வழவழத்த கையை, பக்கத்தில் கூட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் சேலைத் தலைப்பில் துடைக்கிறான். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. கதவோரம் நின்ற செல்லக்கனி தன் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யாரும் தொடாத அந்தச் சேலையை மூன்று தடவை அலசினாள். கிழிந்த டப்பா ஐம்பத்தேழு என்றும், கொலைகாரன் யார் என்றும் குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற சுபிதாவுக்கு அந்த மூன்றாவது அலசலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் 'ஓட்டைக் கொட்டகை' என்று படங்களைக் கிழிக்கிற பக்கம் ஒன்று உண்டு. அதை நடத்துவது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது. அன்றே எழுதினாள்: ஐம்பத்தேழு டப்பா கிழிந்த படம். கொலை செய்தது நிருபரின் எடிட்டர். தெரிந்துவிட்டதல்லவா, இனி டிக்கெட் காசுக்குப் பழம்பொரி தின்னுங்கள்.

நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். அதில் தியேட்டர் மேனேஜர் யேசுதாசனும் ஒருவர். டப்பாவை எண்ணுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான். யாரிடம் சொன்னாய் என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புதன் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று செல்லக்கனியிடம் சொல்லிவிட்டார்.

சுபிதாவுக்கு ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. அவள் தோற்காத ஒரே விஷயம் அந்தப் பக்கம்தான். அதற்குப் பதிலாக ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மத்தியானக் காட்சிக்குப் பால்கனி டிக்கெட் எடுத்தாள். விளக்கு எரிந்ததும், செல்லக்கனி மேலே ஏறி வருவதற்குள், தன் வரிசைக் குப்பையைப் பொறுக்கி அம்மாவின் தையல் கடைக் கவரில் கட்டி வைத்துவிட்டு ஓடினாள். முதல் நாள் யாரோ துப்பிய கறித்துண்டு விரலில் ஒட்டியது. உதறியும் விழவில்லை. மாமி இதைத் தினமும் நாலு காட்சிக்குச் செய்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கவரை முடிச்சுப் போடும்போது பின்னால் வாரியல் உரசும் சத்தம் கேட்டது.

"பத்தொம்பது வருசத்தில ஒருத்தரும் எனக்குக் குப்பை பெறக்கித் தந்ததில்ல," என்றாள் செல்லக்கனி. "தப்பு செய்தவ மட்டுந்தான் பெறக்குவா."

"இல்ல மாமி, நான் சும்மா..."

"ஏட்டி, கவரில 'சுபிதா டெய்லரிங்'னு ஒனக்க பேரும் போன் நம்பரும் கெடக்கு. இந்தப் புத்தியை வச்சிட்டு நீ எப்படிட்டி பரீட்சை ஜெயிப்ப?"

சுபிதா பிசுபிசுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். நீயா வருவேன்னு மேனேஜருட்ட ஒண்ணும் சொல்லேல்ல. அவரு கீழதான் இருக்காரு, வா." நாலு படி இறங்கிய செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல கையைக் கழுவு. எனக்க சேலையில தொடச்சிராத."